களக் குறிப்பேடுகள்: இயற்கை ஆய்வின் அறிவிப்பாளர் தொடர்

உலகின் பெரிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகங்களில், பொதுமக்கள் பார்வையிடும் கூடங்களுக்குப் பின்னே, பூட்டிய அறைகளில், இழுப்பறை இழுப்பறையாகப் பறவைகள் கிடக்கின்றன. மல்லாந்த நிலையில், இறக்கைகள் உடலோடு ஒட்டி, கண் இருந்த குழியில் பஞ்சு தெரிய, வரிசையாகக் கிடத்தப்பட்ட பாடம் செய்த உடல்கள் அவை. ஒவ்வொன்றின் காலிலும் நூலால் கட்டிய ஒரு சீட்டு இருக்கும். பிடிபட்ட ஊர், நாள், ஆணா பெண்ணா என்னும் விவரம், சேகரித்தவரின் பெயர் ஆகியவை அதில் எழுதப்பட்டிருக்கும். அந்தச் சீட்டை அறுத்து எறிந்துவிட்டால் எஞ்சுவது யாது? இறகு போர்த்த ஒரு தோல் மட்டுமே. அப்பறவை எந்தக் காட்டில் வாழ்ந்தது, எந்தப் பருவத்தில் அங்கே இருந்தது, என்ன தின்றது என்பவற்றை அந்தத் தோலிடம் கேட்டுப் பெற இயலாது.

சீட்டுக்கும் ஒரு மூலம் உண்டு. அதுவே சேகரிப்பாளர் களத்தில் வைத்து எழுதிய குறிப்பேடு. பகல் முழுவதும் காட்டில் அலைந்து, மாலையில் கூடாரத்துக்கோ குடிலுக்கோ திரும்பி, வேட்டையில் கிடைத்தவற்றைத் தோலுரித்துப் பதப்படுத்தியபின், விளக்கொளியில் அமர்ந்து அன்றன்றே எழுதப்பட்டவை அக்குறிப்புகள். உயிர் நீங்கிய சில மணி நேரத்துக்குள் பறவையின் கண்ணின் நிறமும் காலின் நிறமும் அலகின் நிறமும் மாறத் தொடங்கிவிடும். இரைப்பையில் இருந்த விதைகளும் புழுக்களும் எறியப்பட்டுவிடும். அதன் குரலோ சுட்ட நொடியிலேயே போய்விட்டது. இவற்றையெல்லாம் தாளில் பிடித்து வைக்காவிட்டால் பிறகு எக்காலத்திலும் மீட்க முடியாது. நல்ல சேகரிப்பாளர்கள் நாட்குறிப்பு ஒன்றும், வரிசை எண்ணிட்ட பதிவேடு ஒன்றும், உயிரினம் வாரியான குறிப்பு ஒன்றும் தனித்தனியே வைத்திருந்தனர். பதிவேட்டின் எண்ணும் சீட்டின் எண்ணும் ஒத்திருந்தால், இழுப்பறையில் கிடக்கும் பறவை தன் காட்டுக்குத் திரும்பிச் செல்ல வழி உண்டு.

இந்த ஏற்பாடு நம் வாசகர்களுக்குப் புதிதாகத் தோன்றாது. ஒரு செய்தி நம்மிடம் வந்து சேரும்போது அதன் வாசகத்தை மட்டும் பாராமல், அதை யார் யாரிடமிருந்து கேட்டார், கேட்டவர் அவ்வூரில் அக்காலத்தில் இருந்தாரா, அவரது நினைவாற்றலும் நேர்மையும் எத்தகையவை என்று ஆராய்ந்த ஒரு மாபெரும் கலையை ஹதீஸ் அறிஞர்கள் உருவாக்கினர். அறிவிப்பாளர் தொடர் அறுந்த செய்தியை, அதன் கருத்து எவ்வளவு அழகாயினும், அவர்கள் தயக்கத்தோடுதான் நோக்கினர். ஊரும் நாளும் பெயரும் அற்ற பறவைத் தோலை இன்றைய விலங்கியலார் நோக்குவதும் அவ்வாறே. இரண்டையும் ஒப்பிடுவது வெறும் அணிநயத்துக்காக அன்று. இவ்விரு துறைகளையும் ஒருசேரப் பயின்ற ஒருவர் வரலாற்றில் இருந்திருக்கிறார்.

இஷ்பீலியா என அரபியர் அழைத்த செவில் நகரில் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பிறந்த அபுல் அப்பாஸ் அந்நபாத்தீ ஹதீஸ் அறிவிப்பாளர்களை ஆராய்ந்த அறிஞர். அதே வேளையில் மூலிகைகளைத் தேடி அலைந்த தாவரவியலார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் கிழக்கு நோக்கிப் பயணம் புறப்பட்டு, வட ஆப்பிரிக்கா, எகிப்து, ஹிஜாஸ், ஷாம், இராக் ஆகிய நிலங்களில் கண்ட செடிகளை ஒரு பயண நூலாக எழுதினார். நூல்களில் படித்ததையும் தம் கண்ணால் கண்டதையும் வேறுபிரித்து உரைப்பது அவரது வழக்கம். அவரது பயண நூல் இன்று இல்லை. ஆயினும் அவருடைய மாணவர் இப்னுல் பைத்தார், ஏறத்தாழ 1,400 மருந்துப் பொருள்களை விவரிக்கும் தம் பெருநூலில், ஆசிரியரின் பெயரைச் சொல்லியே பல இடங்களில் அதிலிருந்து எடுத்தாண்டுள்ளார். நூல் அழிந்தும், தொடர் அறாமையால் செய்தி பிழைத்தது.

அதே நூற்றாண்டில் வாழ்ந்த ரஷீதுத்தீன் அஸ்ஸூரியின் வழக்கம் இன்னும் வியப்புக்குரியது. லெபனான் மலைகளுக்கு அவர் செல்லும்போது, பலவகை வண்ணங்களோடு ஓவியர் ஒருவரையும் உடன் அழைத்துச் சென்றார். செடி முளைவிட்ட இளமையில் ஒரு படம், பூத்துக் காய்த்த முதிர்ச்சியில் ஒரு படம், உலர்ந்தபின் ஒரு படம் என அவர் வரையச் செய்ததை, மருத்துவர்களின் வரலாற்றை எழுதிய இப்னு அபீ உஸைபிஆ பதிவு செய்துள்ளார். கடையில் காய்ந்த சருகாகக் கிடைக்கும் மூலிகையை அதன் பச்சை உருவோடு பொருத்திக் காட்டுவதே அதன் நோக்கம். களக் குறிப்பு என்பதற்கு இதைவிடச் சிறந்த விளக்கம் வேண்டுமா?

குறிப்பு இல்லாமற்போனால் என்ன நேரும் என்பதற்குப் பெரிய மனிதர் ஒருவரின் வாழ்விலிருந்தே சான்று காட்டலாம். சார்ல்ஸ் டார்வின் 1835ஆம் ஆண்டில் கலாபகஸ் தீவுகளில் ஐந்து வாரங்கள் கழித்தார். அங்கே அவர் பிடித்த சிறு குருவிகளை எந்தத் தீவில் பிடித்தார் என்பதைத் தனித்தனியே குறித்து வைக்கவில்லை. அருகருகே உள்ள தீவுகளில் வெவ்வேறு இனங்கள் இருக்கக்கூடும் என்ற எண்ணமே அப்போது அவருக்கு எழவில்லை. ஆமையின் ஓட்டைப் பார்த்தே அது எந்தத் தீவினது என்று சொல்ல முடியும் எனத் துணை ஆளுநர் கூறியதையும் அவர் அவ்வேளையில் போதிய கவனத்தோடு கொள்ளவில்லை. 1837இல் லண்டனில் ஜான் கோல்ட் என்னும் பறவையியலார் அக்குருவிகளைப் பல தனி இனங்களாகப் பிரித்துக் காட்டியபோதுதான் குறையின் ஆழம் புலப்பட்டது. அப்போது டார்வினுக்குக் கைகொடுத்தவர்கள் யாவர்? கப்பல் தலைவர் ஃபிட்ஸ்ராய், அவருடைய பணியாளர் ஃபுல்லர், டார்வினின் சொந்தப் பணியாளர் கோவிங்டன் ஆகியோர். அவர்கள் தம் பறவைகளுக்குத் தீவின் பெயரைக் குறித்திருந்தனர். இதை 1980களில் ஃபிராங்க் சல்லோவே என்னும் வரலாற்றாசிரியர் சீட்டுகளையும் குறிப்புகளையும் ஒப்பிட்டு விரிவாக நிறுவினார். அறிஞர் விட்டதைப் பணியாளர் எழுதி வைத்திருந்தார் என்பது நாம் மீண்டும் எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி.

பொய்யுரைத்த சீட்டு

குறிக்காமல் விடுவது ஒரு குறை. பொய்யாகக் குறிப்பது பெரும் கேடு. அறிவிப்பாளர்களில் மறதியுடையோரையும் புனைந்துரைப்போரையும் நம் முன்னோர் வெவ்வேறு தரத்தில் வைத்ததன் காரணம் இதுவே. பறவையியலில் புனைந்துரைத்தவர்களுள் மிகப் பெயர் பெற்றவர் பிரித்தானியப் படை அதிகாரியான ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன் (1878–1967). ஏறத்தாழ 20,000 பறவைகள் கொண்ட தம் சேகரிப்பை 1954இல் அவர் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்கு வழங்கினார். எழுபதுக்கும் மேற்பட்ட தொகுதிகளாக அவர் எழுதிய நாட்குறிப்புகள் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தன. இத்தனை குறிப்பு எழுதியவரை ஐயுறுவார் யார்?

ஐயம் 1990களில் வலுத்தது. பமீலா ராஸ்முஸன், ராபர்ட் பிரிஸ்-ஜோன்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் அச்சேகரிப்பை ஒவ்வொன்றாகச் சோதித்தபோது, பிறர் சேகரித்த பறவைகளைத் திருடி, பழைய சீட்டை நீக்கி, வேறு ஊரும் வேறு நாளும் எழுதிய புதுச் சீட்டைக் கட்டியிருப்பது வெளிப்பட்டது. அவற்றுள் ஒன்று நம் நாட்டோடு தொடர்புடையது. மத்திய இந்தியக் காடுகளுக்குரிய ஒரு சிறு ஆந்தையை 1873இல் ஆலன் ஆக்டேவியன் ஹ்யூம் அறிவியல் உலகுக்கு அறிமுகம் செய்தார். 1880களுக்குப் பிறகு அது எவர் கையிலும் அகப்படவில்லை. மைனர்ட்ஸ்ஹாகன் மட்டும் 1914இல் குஜராத்தின் மாண்ட்வியில் அதைச் சுட்டதாகச் சீட்டு எழுதியிருந்தார். அதை நம்பிப் பிற்காலத்தில் அப்பகுதியில் தேடியவர்கள் வெறுங்கையோடு திரும்பினர். ராஸ்முஸன் குழுவினர் அந்தப் பறவையை எக்ஸ்-கதிர் கொண்டு ஆராய்ந்தனர். மேலே மறுபடி தைத்து உருமாற்றியிருந்தபோதிலும், தோலின் உட்புறத்தில் ஜேம்ஸ் டேவிட்சன் என்னும் பழைய சேகரிப்பாளரின் கைவேலை எஞ்சியிருந்தது. எழுதியவர் பொய் சொன்னாலும் தைத்தவரின் விரல்கள் பொய் சொல்லவில்லை.

மாண்ட்வியைத் தள்ளிவிட்டு, ஐயத்துக்கு இடமில்லாத பழைய சீட்டுகளில் கண்ட ஊர்களை மட்டும் அவர்கள் தேர்ந்தனர். 1997 நவம்பரில், மகாராஷ்டிராவின் ஷஹாதாவுக்கு அருகே, சாத்பூரா மலையடிவாரத்தில், அந்த ஆந்தை பகல் வெளிச்சத்தில் மரத்தில் அமர்ந்திருந்தது. நூறாண்டுக்கு மேலாக மறைந்துவிட்டதாகக் கருதப்பட்ட ஓர் உயிரினம், பொய்ச் சீட்டு ஒன்று விலக்கப்பட்டதும் கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு தனிமனிதரின் புகழாசை ஓர் இனத்தைத் தேடும் முயற்சியையே திசை திருப்பி வைத்திருந்தது என்பதை எண்ணும்போது நமக்குச் சினம் எழுவது இயல்பே.

இதே மைனர்ட்ஸ்ஹாகனோடு நம் நாட்டின் பறவையியல் முன்னோடி சாலிம் அலி (1896–1987) 1937இல் ஆப்கானிஸ்தான் பயணம் சென்றிருந்தார். அப்பயணத்தில் தம்மைப் பற்றி அவர் நாட்குறிப்பில் கடுஞ்சொற்கள் எழுதி வைத்திருந்ததைச் சாலிம் அலி பிற்காலத்தில் அறிந்தார். தம்மை இழித்துரைக்கும் அவ்வரிகளைத் தம் தன்வரலாற்று நூலில் (1985) அப்படியே வெளியிட்டது அவரது பெருந்தன்மைக்குச் சான்று. நகைச்சுவை உணர்வுக்கும் சான்று எனலாம்.

நூறாண்டு கழித்துப் பலன்

நேர்மையாக எழுதப்பட்ட குறிப்பு எத்துணைக் காலம் பயன் தரும் என்பதற்கு அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு சான்று. பெர்க்லியில் 1908இல் நிறுவப்பட்ட முதுகெலும்பி விலங்கியல் அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநர் ஜோசப் கிரின்னல். அழியாத மையில் எழுத வேண்டும், கண்ட அன்றே எழுத வேண்டும், கிடைக்காத உயிரினத்தையும் கிடைக்கவில்லை என்று எழுத வேண்டும் என்ற கண்டிப்பான முறையை அவர் தம் உதவியாளர்களுக்குப் பழக்கினார். பொறி வைத்த இடத்தின் உயரம், மரங்களின் வகை, வானிலை யாவும் ஏட்டில் ஏறின. இவ்வேடுகளின் உண்மையான மதிப்பு ஒரு நூற்றாண்டு கடந்தபின்பே தெரியவரும் என்று அவர் 1910ஆம் ஆண்டிலேயே எழுதினார்.

அவ்வாறே ஆயிற்று. 1914 முதல் 1920 வரை யோசெமிட்டி மலைப்பகுதியில் அவருடைய குழு நடந்த அதே வழிகளில், அதே முகாம்களில், 2003 முதல் ஒரு புதிய குழு குறிப்பேடுகளைக் கையில் கொண்டு நடந்தது. சிறு பாலூட்டிகளில் 28 இனங்களை ஒப்பிட்டபோது, ஏறத்தாழ பாதி இனங்கள் தம் வாழிட எல்லையைச் சராசரியாக 500 மீட்டர் மேல்நோக்கி நகர்த்திக்கொண்டிருந்தன. அப்பகுதியின் இரவுநேரக் குறைந்த வெப்பநிலை இடைப்பட்ட காலத்தில் சுமார் 3 பாகை உயர்ந்திருந்தது. இம்முடிவுகள் 2008இல் வெளியாயின. புவி வெப்பமடைவதைப் பற்றி எதுவும் கேள்விப்படாத மனிதர்கள், எலிகளையும் அணில்களையும் எண்ணி எழுதி வைத்தமையால் கிடைத்த சான்று இது. பாடம் செய்த உடல்கள் மட்டும் எஞ்சி ஏடுகள் அழிந்திருந்தால் இவ்வொப்பீடு நடந்திருக்காது. அந்த ஓர் எலி அங்கே இருந்தது என்பதைத் தோல் சொல்லும்; மேலேயுள்ள முகாமில் எத்தனை இரவுகள் பொறி வைத்தும் அது அகப்படவில்லை என்பதை ஏடு மட்டுமே சொல்லும்.

எழுதியவரும் சுட்டவரும்

இனி, ஏட்டை எழுதியவரைக் கடந்து மற்றொரு கேள்விக்கு வருவோம். சீட்டில் சேகரித்தவர் என்று எழுதப்பட்ட பெயர் யாருடையது? அப்பறவையை உண்மையில் சுட்டவர் யார்?

அல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1854 ஏப்ரலில் சிங்கப்பூரில் வந்திறங்கி, 1862 வரை மலாய்த் தீவுக்கூட்டத்தில் அலைந்தார். சுமார் 14,000 மைல் பயணம், அறுபது எழுபது தனித்தனிப் பயணங்கள், மொத்தம் 1,25,660 மாதிரிகள். அவற்றுள் 8,050 பறவைகள், 83,200 வண்டுகள். உயிரினங்களின் இயற்கைத் தேர்வு பற்றிய கருத்தைத் தனியே கண்டறிந்து, 1858இல் தெர்னாத்தே தீவிலிருந்து டார்வினுக்கு அனுப்பியவர் இவரே.

குறிப்பேட்டின் அருமையை வாலஸ் இழந்து கற்றவர். இதற்கு முன்னர் அமேசானில் நான்காண்டுகள் உழைத்துத் திரும்புகையில், 1852 ஆகஸ்டில் அவர் ஏறிய கப்பல் நடுக்கடலில் தீப்பற்றியது. மீன்களையும் பனைகளையும் வரைந்த தாள்களோடு வேறு சில குறிப்புகளும் இருந்த தகரப் பெட்டி ஒன்று மிஞ்சியது. எஞ்சிய சேகரிப்பும் பெரும்பாலான நாட்குறிப்புகளும் எரிந்தன. பத்து நாள்கள் படகில் மிதந்தபின் மீட்கப்பட்டார். அவ்வாண்டு இறுதியில் லண்டனில் அவர் வாசித்த குரங்குகள் பற்றிய கட்டுரையில், அருங்காட்சியகங்களில் ‘அமேசான் ஆறு’ என்று மட்டும் எழுதிய சீட்டுகளைக் கண்டித்தார். ஆற்றின் எந்தக் கரை என்று குறிக்காத சீட்டால் என்ன பயன்? அகன்ற ஆறுகள் பல குரங்கினங்களுக்கு எல்லையாக அமைந்திருப்பதை அவர் கண்டிருந்தார். இதன் பிறகு மலாய்த் தீவுகளில் ஒவ்வொரு பூச்சிக்கும் தீவின் பெயர் குறித்த சிறு வட்டச் சீட்டு குத்தப்பட்டது. பாலித் தீவுக்கும் லொம்போக் தீவுக்கும் இடையிலுள்ள குறுகிய கடல், இரு உயிர்க் குலங்களைப் பிரிக்கும் எல்லை என்று அவர் பின்னர் காட்ட முடிந்தது இந்தப் பழக்கத்தின் பயனே.

லண்டன் லின்னேயன் சங்கத்தில் அவருடைய நான்கு பயண நாட்குறிப்புகளும் வேறு சில குறிப்பேடுகளும் பாதுகாக்கப்படுகின்றன. அச்சான நூலில் இல்லாதவை பல அவற்றில் உண்டு. தெர்னாத்தேயில் எழுதியதாக அவர் குறிப்பிட்ட அந்தப் புகழ்பெற்ற கட்டுரை, உண்மையில் பக்கத்துத் தீவாகிய ஜிலோலோவில் எழுதப்பட்டதா என்ற விவாதம், நாட்குறிப்பின் நாள்களை எண்ணிப் பார்த்ததால் எழுந்ததே. உயிரினங்களோடு மொழிகளையும் அவர் குறித்தார். ஐம்பத்தேழு மொழிகளின் சொற்பட்டியல்களைத் தொகுத்திருந்தார். அவற்றை ஓர் அறிஞரிடம் இரவல் கொடுக்க, அவர் வீடு மாறியபோது பல தொலைந்துபோயின. அச்சேறாத ஏட்டின் தலைவிதி பெரும்பாலும் இத்தகையதே. சரவாக்கில் தாயைச் சுட்டு வீழ்த்தியபின் அதன் உராங் உட்டான் குட்டியை அரிசிக்கஞ்சி ஊட்டிச் சுமார் மூன்று மாதம் வளர்த்துப் பறிகொடுத்த கதையையும் அவர் மறைக்காமல் எழுதினார். அக்காலச் சேகரிப்பாளரின் துப்பாக்கியையும் பரிவையும் ஒரே கையில் காண்கிறோம்.

அதே சரவாக்கில், 1855ஆம் ஆண்டின் இறுதியில், சுமார் பதினைந்து வயதுடைய மலாய் முஸ்லிம் இளைஞர் ஒருவர் வாலஸிடம் வேலைக்குச் சேர்ந்தார். பெயர் அலி. சமைப்பதும், வாலஸுக்கு மலாய் மொழி பழக்குவதும் தொடக்கத்தில் அவர் பணி. சிறிது காலத்தில் துப்பாக்கி பிடிக்கக் கற்றார். பிறகு தோலுரிக்கவும் பாடம் செய்யவும் கற்றார். படகு செலுத்துவதில் அவர் முன்பே வல்லவர். லொம்போக், மக்காஸர், அரு, தெர்னாத்தே, நியூகினி என வாலஸ் சென்ற இடங்களுக்கெல்லாம் உடன் சென்று, புதிதாகச் சேரும் ஆள்களுக்குத் தொழில் கற்பித்தவரும் அவரே. தெர்னாத்தேயில் அவருக்குத் திருமணமும் நடந்தது.

1858 அக்டோபரில் இருவரும் பச்சான் தீவில் இருந்தனர். ஒருநாள் அலி காட்டிலிருந்து திரும்பும்போது இடுப்புவாரில் சில பறவைகள் தொங்கின. அவற்றுள் ஒன்றை எடுத்து நீட்டி, இதைப் பாருங்கள், விந்தையான பறவை என்றார். மார்பில் பளபளக்கும் பச்சை இறகுகளும், ஒவ்வொரு தோளிலிருந்தும் கொடிபோல் நீண்டெழும் இரண்டிரண்டு வெண்சிறகுகளுமாக இருந்த அது, அதுவரை எந்த அறிஞரும் அறியாத ஒரு சொர்க்கப் பறவை. வாலஸ் தம் லண்டன் முகவருக்கு எழுதிய மடலில், இதுவரை தாம் செய்த கண்டுபிடிப்புகளில் இதுவே பெரிது என்று மகிழ்ந்ததோடு, ஒன்றுக்கு 25 பவுன் கிடைக்கும் என்றும் கணக்கிட்டார். அடுத்த ஆண்டில் லண்டனில் ஜார்ஜ் ராபர்ட் கிரே அப்பறவைக்குச் சூட்டிய அறிவியற்பெயரில் வாலஸின் பெயர் இடம்பெற்றது. முதலில் கண்டு, விந்தையானது என உணர்ந்து, சுட்டுக் கொணர்ந்தவரின் பெயர் அதில் இல்லை.

வாலஸை இங்கே பழிப்பது எமது நோக்கமன்று. 1869இல் வெளியான தம் பயண நூலில் இந்நிகழ்ச்சியை அலியின் பெயரோடு எழுதியவர் அவரே. அவர் எழுதியிராவிட்டால் நமக்கு அலியைத் தெரியவே வழியில்லை. 1861இல் புரு தீவில், தரையில் திரியும் அரிய பறவை ஒன்றுக்காக அலி காட்டுக்குள் ஒரு சிறு குடிலில் இரவைக் கழித்து விடியலில் அதைப் பெற்ற விவரமும் அந்நூலிலேயே உள்ளது. அக்காலத்தின் பிற பயணிகள் இத்தனை கூட எழுதவில்லை. ‘என் ஆள்கள்’, ‘உள்ளூர்க்காரன்’ என்பதோடு நிறுத்திக்கொண்டனர். ஆயினும் சீட்டு வேறு, நூல் வேறு. பெரும்பாலான ஆய்வாளர்கள் கையாள்வது சீட்டை மட்டுமே; அதில் சேகரித்தவர் என்னும் இடத்தில் வாலஸின் பெயரே நிற்கிறது. ஹதீஸ் கலையின் மொழியில் சொன்னால், முதல் அறிவிப்பாளர் விடுபட்ட தொடர் இது.

விடுபட்ட பெயரைச் சேர்ப்பதற்கு நாட்குறிப்புகளையும் மடல்களையும் வரிவரியாகப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை. எந்த நாளில் வாலஸ் காய்ச்சலில் படுத்திருந்தார், அன்று துப்பாக்கியோடு சென்றவர் யார், எந்த மாதத்தில் அலி நோயுற்றிருந்தார் என்று பொருத்திப் பார்க்க வேண்டும். ஜான் வான் வைஹே, ஜெரல் டிராஹார்ன் ஆகிய இருவர் இவ்வாறு அலியின் வாழ்வைத் தொகுத்து 2015இல் கட்டுரையாக வெளியிட்டனர். வாலஸின் பெயரிலுள்ள பறவைகளில் ஆயிரக்கணக்கானவை அலியின் கைப்பட்டவை என்பது அவர்களின் கணிப்பு. சார்ல்ஸ் ஆலன் என்னும் ஆங்கில உதவியாளர், தோலுரிப்பதற்காகச் சிங்கப்பூரில் அமர்த்தப்பட்ட மலாக்காவின் போர்த்துக்கீசியர் மனுவேல் போன்ற வேறு பெயர்களும் இப்பக்கங்களில் தென்படுகின்றன.

இத்தகைய வாசிப்பு அண்மைக் காலத்தில்தான் எளிதாகியுள்ளது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் 2010இல் தன்னிடமுள்ள களக் குறிப்பேடுகளைப் பட்டியலிடும் பெரும்பணியைத் தொடங்கியது. அதுவரை அவற்றுள் பல எந்த அலமாரியில் உள்ளன என்பதைத் துறையினர் சிலரே அறிந்திருந்தனர். ஏட்டின் படிமங்களை இணையத்தில் ஏற்றி, கையெழுத்தைப் படித்து எழுத்துருவாக்கும் பணியில் தன்னார்வலர்களும் சேர்க்கப்பட்டனர். வாலஸின் ஏடுகளையும் இன்று லண்டன் செல்லாமலே காணலாம். ஆயினும், ஆள்களின் பெயரை எழுதியவர் தம் காதில் விழுந்தவாறு எழுதியிருப்பார். ஒரே மனிதர் நான்கு பக்கங்களில் நான்கு எழுத்துக்கூட்டல்களில் தோன்றலாம். மலாய், அரபு, தமிழ், சிங்களப் பெயர் வழக்குகளை அறிந்தவர்களே அவை ஒருவரைக் குறிப்பன என்று இனங்காண முடியும். ஆங்கிலேயர் நம் நிலத்தில் எழுதிய ஏடுகளுக்கும் இது பொருந்தும். நம் பல்கலைக்கழகங்களின் வரலாற்று மாணவர்கள் இவ்வேடுகளைப் பறவை ஆராய்ச்சியாளர்களுக்கே உரியவை என்று விட்டுவிடுவது நமக்கு வருத்தமளிக்கிறது. கூலிப் பட்டியலும், வழிகாட்டியின் பெயரும், ஊர்த் தலைவரோடு நடந்த பேரமும், அரிசியின் விலையும் பறவைகளின் பெயர்களுக்கு இடையே கிடக்கின்றன.

1862இன் தொடக்கத்தில் சிங்கப்பூரில் வாலஸும் அலியும் பிரிந்தனர். பணத்தோடு, இரண்டு துப்பாக்கிகள், வெடிமருந்து, கருவிகள் ஆகியவற்றை வாலஸ் அவருக்குக் கொடுத்தார். பிரியுமுன் அலியை ஒரு நிழற்படமும் எடுக்கச் செய்தார். ஐரோப்பிய உடையில், நேர்கொண்ட பார்வையோடு இளைஞர் அலி தோன்றும் அப்படத்தை வாலஸ் 1905இல் தம் தன்வரலாற்றில் வெளியிட்டார்.

நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1907இல், தாமஸ் பார்பர் என்னும் இளம் அமெரிக்க விலங்கியலார் தெர்னாத்தேக்கு வந்தார். தெருவில் ஒரு முதியவர் அவரை வழிமறித்தார். நிறம் மங்கிய நீலத் துருக்கித் தொப்பி அணிந்திருந்த அவர், தம்மை அலி வாலஸ் என்று அறிமுகம் செய்துகொண்டார். பார்பர் அவரைப் படமெடுத்து இங்கிலாந்துக்கு அனுப்ப, அப்போது எண்பதுகளில் இருந்த வாலஸ் பழைய நாள்களை நினைவுகூர்ந்து மறுமொழி எழுதினார் என்று பார்பர் பின்னாளில் தம் நூலில் தெரிவித்துள்ளார்.